காலையில் வெள்ளைப் புகை... இன்ஜினைப் பிரிக்கலாமா?

கேள்வி: "ஆடலூரில் மூன்று ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை வைத்திருக்கிறோம். எட்டு மாதங்களுக்கு முன்பு நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் போட்டு, புதிதாகப் பெட்ரோல் கார் வாங்கினோம். இன்னும் 6,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் வெள்ளையாகப் புகை வருகிறது. 'ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிடலாம்' என்கிறார் தெரிந்த மெக்கானிக். கார் வாங்கிய இடத்தில் போனில் கேட்டால், 'அதெல்லாம் சாதாரணம்' என்று முடித்துவிடுகிறார்கள். யார் சொல்வதை நம்புவது?"

- வாசகர், ஆடலூர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். பத்து நாள்கள் காரைக் கவனித்தால், புகையே பதில் சொல்லிவிடும். அதுவரை ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். வாரன்டி காலத்தில் இருக்கும் காரின் இன்ஜினை வெளியே யாரிடமும் பிரிக்கக் கொடுக்கக் கூடாது. ஒரு முறை வெளியே கைவைத்துவிட்டால், பிறகு உண்மையிலேயே கோளாறு இருந்தாலும், 'நீங்கள் பிரித்ததால் வந்தது' என்று கம்பெனி கைகழுவிவிடும்.

புகையா, நீராவியா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. டீசலும் அப்படித்தான். அந்தத் தண்ணீர் ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறுகிறது. சமவெளியில் வெயில் நேரத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. கீழ்ப்பழனி மலையில் மார்கழி, தை மாதக் காலைக் குளிரில், வாயிலிருந்து வரும் மூச்சுக்காற்று வெள்ளையாகத் தெரிவதைப்போல இந்த ஆவியும் வெள்ளையாகத் தெரியும். ராத்திரி சைலன்சருக்குள் தேங்கிய ஈரமும் இதோடு சேர்ந்துகொள்ளும். சைலன்சர் முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதும் இதனால்தான்.

இப்படி வரும் ஆவிக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. சைலன்சரைவிட்டு வெளியே வந்த சில அடி தூரத்திலேயே கலைந்துவிடும். இன்ஜின் சூடேறிச் சில நிமிடங்கள் ஓடியதும் நின்றுவிடும். மத்தியானம் மறுபடி ஸ்டார்ட் செய்தால் வராது. மூன்றும் பொருந்தினால் அது கோளாறு அல்ல, குளிர்.

மலையில் இருப்பவர்கள் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சந்தைக்கோ உறவினர் வீட்டுக்கோ திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கம் இறங்கும்போது, காரை ஓர் இரவு அங்கேயே நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆடலூரில் வந்த வெள்ளை அங்கே வரவில்லை என்றால், பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. அங்கேயும் அதே அளவுக்கு வந்தால், அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

நிறமும் வாசனையும்

வெள்ளை, கலையாமல் நிற்பது: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்து, அதில் இனிப்பு கலந்த வாடை அடித்தால், கூலன்ட் உள்ளே கசிந்து எரிகிறது என்று சந்தேகிக்கலாம். மெக்கானிக் சொன்ன ஹெட் கேஸ்கெட் கோளாறு இந்த வகைதான். ஆனால், இதில் கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வரும். அளவு குறையவில்லை என்றால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு.

நீலம்: இன்ஜின் ஆயில் எரிகிறது. கருகிய எண்ணெய் வாடை வரும்; புகை சீக்கிரம் கலையாது. ராத்திரி முழுவதும் வால்வு ஆயில் சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரே மூச்சாக எரிந்து வெளியேறும். மலைப்பாதையில் இதைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, கியரிலேயே நீண்ட இறக்கம் இறங்கி, கீழே வந்து மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலமாகக் குப்பென்று வந்தால், வால்வு ஆயில் சீலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் முக்கி ஏறும்போதும் விடாமல் நீலமாக வந்தால், பிஸ்டன் ரிங், டர்போ இருக்கும் வண்டிகளில் டர்போ சீல் என்று சந்தேகம் போகும். புது இன்ஜின் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் கொஞ்சம் ஆயில் குடிப்பது உண்டு. சர்வீஸில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் நீலப் புகை வரும். அதனால் சர்வீஸுக்குப் பிறகு வந்த புகையா, அதற்கு முன்பே இருந்ததா என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கறுப்பு: பெட்ரோல் அல்லது டீசல் தேவைக்கு அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் இன்ஜின் தானாகவே கொஞ்சம் கூடுதலாக எரிபொருளை எடுக்கும். அப்போது லேசாகக் கறுப்பாக வந்து நின்றுவிடுவது தவறில்லை. ஓடும்போதும் தொடர்ந்தால் ஏர் ஃபில்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து வீடுகளில் நிறுத்தும் வண்டிகளின் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டுவது வழக்கமாக நடப்பதுதான். எலி கடித்த சேதம் பொதுவாக வாரன்டியில் வராது. காபிக் கொட்டை, தவிட்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தாமல் இருப்பது நல்லது.

பத்து நாள் சோதனை

ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும்.

1. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் திரவம் நிற்கும் மட்டத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தினமும் அதே நேரத்தில், அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பத்து நாள்களில் கோட்டைவிட்டு இறங்காமல் இருந்தால் நிம்மதி. இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

2. ஆயில் அளவைச் சமதரையில் நிறுத்தி மட்டுமே பாருங்கள். ஆடலூர் போன்ற ஊர்களில் வீட்டு வாசலே சரிவாகத்தான் இருக்கும். சரிவில் பார்த்தால் டிப்ஸ்டிக் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டி ஏமாற்றிவிடும்.

3. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், அடியில் பால் ஏடுபோல வெளுப்பாக ஒட்டியிருக்கலாம். குளிர்ப் பகுதியில் குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரம் படிந்து இப்படி வருவது உண்டு. இதை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால், டிப்ஸ்டிக்கில் ஒட்டிவரும் ஆயிலே பால்காபி நிறத்தில் இருந்தால், காரை ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குத் தகவல் சொல்லுங்கள்.

4. ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெள்ளைத் தாளை ஒரு குச்சியில் செருகி அரை நிமிடம் காட்டுங்கள். ஈரம் உலர்ந்து தடயம் இல்லாமல் போனால் அது தண்ணீர். பிசுபிசுப்பான எண்ணெய்க் கறை நின்றால் ஆயில். கரி படிந்தால் எரிபொருள் சரியாக எரியவில்லை.

5. செல்போனில் வீடியோ எடுங்கள். முதலில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர், பிறகு ஸ்டார்ட் செய்வது, பிறகு சைலன்சர் என்று நிறுத்தாமல் ஒரே வீடியோவாக இருக்கட்டும். புகை எத்தனை நிமிடம் வந்தது, என்ன நிறம், என்ன வாடை என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

சௌசௌ, வாழைத்தார் ஏற்ற பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாக வந்து, பச்சை டீசல் வாடை அடித்து, இன்ஜினும் உதறினால், டீசல் எரியாமல் வெளியேறுகிறது என்று அர்த்தம். ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்தக் கோளாறு சமவெளியில் தெரியாமல் மலையில் மட்டும் தெரியலாம். அதனால் டீசல் வண்டிக்கு மேலே சொன்ன சமவெளிச் சோதனை மட்டும் போதாது. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரப்பட்டு உடனே திருப்பினாலும் புகை வரும்.

பங்க் தூரத்தில் இருப்பதால் கேனில் டீசல் வாங்கி வைத்து ஊற்றும் பழக்கம் மலைக்கிராமங்களில் இருக்கிறது. கேனில் சேரும் தண்ணீரும் தூசியும் இன்ஜெக்டருக்கு எமன். பவர் டில்லர் தாங்கிக்கொள்ளும்; 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்-6 வண்டிகள் தாங்காது.

பி.எஸ்-6 டீசல் வண்டிகளில், கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப் என்ற வடிகட்டி சைலன்சர் பாதையில் இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். அதற்கு இன்ஜின் நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். கரி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். ஆயிலோடு டீசல் கலந்து ஆயில் அளவு கூடவும் செய்யும். வாரம் ஒரு முறை கீழே இறங்கி, நல்ல சாலையில் நிறுத்தாமல் இருபது, முப்பது நிமிடங்கள் ஓட்டினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. பெட்ரோல் காருக்கும் இந்த ஓட்டம் நல்லது. சைலன்சரில் தேங்கும் தண்ணீர் வெளியேறி, துருப்பிடிப்பது குறையும்.

உயிருக்கு ஆபத்தான இரண்டு

குளிருக்குப் பயந்து, மூடிய ஷெட்டுக்குள் காரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றுகிறார்கள் சிலர். புகையே தெரியாவிட்டாலும் அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும். காரை முதலில் வெளியே எடுங்கள். இன்றைய இன்ஜின்களுக்கு அரை நிமிடம் ஓடவிட்டாலே போதும்; பிறகு முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் தானாகச் சூடேறிவிடும்.

அடுத்தது, கூலன்ட். இதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். ஆனால் கடும் விஷம். சிந்தியதை நாய், ஆடு, மாடு நக்கினால் செத்துவிடும். குழந்தைகளுக்கும் ஆபத்து. கழற்றிய கூலன்டை வாசலிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது.

கோளாறுதான் என்று தெரிந்தால்...

கூலன்ட் இறங்குகிறது, தாளில் எண்ணெய்க் கறை நிற்கிறது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது... இதில் ஒன்று இருந்தாலும் மலைப்பாதையில் காரை ஓட்டிச் சோதிக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் சூடாகி நின்றால், செலவோடு முடியாது. யானையும் காட்டுமாடும் நடமாடும் பாதையில் இருட்டில் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். கம்பெனியின் சாலை உதவி எண்ணுக்குப் போன் செய்து, வண்டியை ஏற்றிச் செல்லச் சொல்லுங்கள்.

போனில் சொல்லும் 'சாதாரணம்' எதற்கும் உதவாது. சர்வீஸ் சென்டரில் நேரில் புகார் கொடுத்து, உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். முடிந்தால் காரை அங்கேயே ஓர் இரவு விட்டு, காலையில் குளிர்ந்த இன்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மத்தியானம் சூடான வண்டியை எடுத்துப்போய்க் காட்டினால், 'ஒன்றும் இல்லையே' என்றுதான் சொல்வார்கள். பார்த்த பிறகும் சாதாரணம் என்றால், அதையும் எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் ரசீதுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியும் தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அடுத்த படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை; அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்யும் சிறு விவசாயி வாங்கிய சரக்கு வண்டிக்கும் இந்த உரிமை உண்டு. அங்கே வாய்ப்பேச்சு செல்லாது. தேதி போட்ட நோட்டு, வீடியோ, ஜாப் கார்டு நகல் ஆகியவைதான் சாட்சி.

ஆடலூர் வாசகர் சொல்லியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், மார்கழியில் தொடங்கியது, காலையில் மட்டும் வருகிறது என்ற இரண்டுமே குளிரைத்தான் காட்டுகின்றன. இருந்தாலும் நாளைக் காலையிலேயே கூலன்ட் டப்பாவில் கோடு போட்டுவிடுங்கள். பத்தாவது நாளும் அது கோட்டிலேயே நின்றால், இன்ஜினைப் பிரிக்கும் பேச்சை விட்டுவிட்டு, தவணையை மட்டும் கவனித்தால் போதும்.