சாதி கடலில் கரையவில்லை

மலேசியாவின் ஜொகூரில் தமிழர் கூடும் மேடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. ‘நம் முன்னோர் கப்பலேறியபோதே சாதியை உதறிவிட்டார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே லயம், ஒரே கோயில். நம்மைப் பிரித்து வைத்தவன் வெள்ளைக்காரன்தான்.’ நல்லெண்ணத்தோடுதான் இப்படிச் சொல்கிறார்கள். ஆனால் இது உண்மையில்லை. அதோடு, தீண்டாமையை எதிர்த்து நின்றவர்களின் உழைப்பையும் இது வரலாற்றிலிருந்து அழித்துவிடுகிறது. இந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘கப்பலிலேயே சாதி போய்விட்டது.’

ஆள் சேர்த்த முறையே இதை மறுக்கிறது. 1910-இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆளெடுப்பது நின்றபின் கங்காணி முறை ஓங்கியது. தோட்ட மேற்பார்வையாளரான கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய், தெரிந்தவர்களையும் உறவினரையும் திரட்டிக் கொண்டுவந்தார். ஊரும் சேரியும் சேர்ந்தே கடல் தாண்டின. 1909-இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்ததும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் பெருகிய ரப்பர்த் தோட்டங்களுக்கும் இந்த வழியில்தான் ஆட்கள் வந்தார்கள். மலாயாவுக்கு வந்த தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீண்டாமைக்கு ஆளான ஆதிதிராவிடர் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். யாரை அழைத்து வருவது என்பதில் கங்காணியின் கை ஓங்கியிருந்தது.

‘எல்லாருக்கும் ஒரே லயம்.’

வேலையைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை உண்டு. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரும் நின்றார்கள். எல்லார் தோளிலும் பால் சுமக்கும் காண்டாவாளி ஏறியது. பால்மரம் யார் சாதியையும் கேட்கவில்லை. ஊரில் இருந்ததுபோல் சாதிக்கொரு தொழில் என்ற ஏற்பாடும் இங்கே வேரூன்றவில்லை. வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் கோடு தெரிந்தது. பல தோட்டங்களில் ஆதிதிராவிடருக்குத் தனி லயம், அதாவது தனி வரிசை வீடுகள், இருந்தன. அவர்கள் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். பிற சாதியார் வீட்டில் சாவு விழுந்தால் பறையடிக்க அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். ஒரே சம்பளம் வாங்கியவர்கள் ஒரே வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடியவில்லை.

‘பிரித்தவன் வெள்ளைக்காரன்தான்.’

அவனும் பிரித்தான், அதில் ஐயமே இல்லை. மலாயா சிவில் சர்வீஸ் பதவிகள் தாய்வழியிலும் தந்தைவழியிலும் கலப்பற்ற ஐரோப்பியருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. தோட்டத்தில் வெள்ளைக்கார மேலாளரான துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கியாக வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியோடு இந்தச் சைக்கிள் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பெண்களிடம் மேலாட்கள் அத்துமீறுவதை நிறுத்தவும், கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். அந்த மே மாதத்தில் படையினர் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

ஆனால் சாதிவாரியாக லயம் பிரிக்கும் யோசனையைத் துரை சீமையிலிருந்து கொண்டுவரவில்லை. நம்மிடையே இருந்த பிரிவினையைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டான். துரைக்கு முன் சைக்கிளிலிருந்து இறங்குவது அவமானம் என்றால், கோயில் வாசலில் சக தொழிலாளியை நிறுத்தி வைத்ததும் அதே அவமானம்தான். முதலாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நேர்மையாகாது.

‘காலப்போக்கில் தானாகவே மறைந்தது.’

தானாக எதுவும் மறைவதில்லை. எழுதி வைத்த சட்டத்தையாவது நீதிமன்றம் நீக்கலாம். அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவில், மாண்ட்கமரி நகரப் பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்கார வைத்த சட்டம் 1956-இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது. அதற்கே அந்த மக்கள் ஓராண்டுக்கு மேல் பேருந்தைப் புறக்கணித்து நடக்க வேண்டியிருந்தது. நம் தோட்டங்களில் இருந்ததோ எழுதாத வழக்கம். அதை ரத்து செய்ய எந்தத் தீர்ப்பும் வரப்போவதில்லை. மனிதர்கள்தான் எதிர்த்து நின்று உடைக்க வேண்டும்.

உடைத்தவர்கள் இருந்தார்கள். 1929 டிசம்பரில் சுயமரியாதை இயக்கத் தலைவர் பெரியார் மலாயா வந்தார். வைதிகர்களின் எதிர்ப்பையும் மீறிச் சாதி ஒழிப்பைப் பேசினார். 1954-இல் மீண்டும் வந்தார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு இதழைத் தொடங்கினார். சாதிப் பெயர்களைக் கடந்து தமிழர் என்ற ஒரே பெயரில் எல்லாரையும் கூட்ட, 1952-இல் தமிழர் திருநாளை முன்னெடுத்தார். அந்தக் குரல் சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து ஜொகூருக்கும் எட்டியது. தொழிற்சங்கம் எல்லாரையும் ஒரே கோரிக்கையின் கீழ் உட்கார வைத்தது. இத்தனை பேர் பாடுபட்டுப் பெற்றதைக் காலத்தின் கணக்கில் எழுதுவது நன்றி கெட்ட செயல்.

‘இப்போது பேசினால்தான் சாதி வளரும்.’

பேசாமல் இருந்து என்ன கண்டோம்? மலேசியத் தமிழரிடையே சாதி உணர்வு நீடிப்பதைப் பற்றி ஆய்வாளர் இராஜகிருஷ்ணன் இராமசாமி 1984-இலேயே ஒரு நூல் எழுதினார். பொது இடத்தில் மங்கிய சாதி, கல்யாணப் பேச்சில் இன்றும் முதல் கேள்வியாக எழுகிறது. ‘அவங்க என்ன ஆளுங்க?’ என்று மெல்லிய குரலில் விசாரிக்கும் வீடுகள் ஜொகூர் பாருவின் அடுக்குமாடிகளிலும் உண்டு. மேடையில் இல்லையென்று சொல்லிவிட்டு வீட்டில் விசாரிக்கும் இந்த இரட்டை வழக்கத்துக்கு மௌனம்தான் துணைபோகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. லய வாழ்க்கையை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த கும்பாபிஷேக மலரை அச்சிடும் ஆலயக் குழுவினர், கொடையாளர் பட்டியலோடு இன்னொரு பக்கத்தையும் சேர்க்கட்டும். இந்தக் கோயிலுக்குள் யார் விடப்படவில்லை, எந்த ஆண்டு உள்ளே வந்தார்கள், அதற்காக வாதாடியவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். சாதியை ஒழிக்கப் பாடுபட்டவர்களின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சாதியே இருக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பெயர்களைச் சொல்லவே வழியில்லை.