சரக்கறிந்து கலம் தேர்வோம்!

"எவர்சில்வர்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறைப் பயிற்சியின்போது ஊறுகாய்க்கு உப்புநீர் கலக்கும் தொட்டியொன்றைக் கண்டேன். 304 ரக எஃகு. 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல். ஆயினும் துடுப்பெங்கும் ஊசிக் குழிகள்! உப்பிலுள்ள குளோரைடு செய்த வேலை. 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் இன்னும் நன்றாகத் தாங்கியிருக்கும். காஸ்கெட்டும் அப்படியே: எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் நிற்கும், ஈ.பி.டி.எம். ரப்பரோ ஊதிவிடும். விலையை மட்டும் பார்த்துப் பொறுக்குவதா பொறியியல்? ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் இட்ட நம் அன்னையர் சரக்கறிந்தே கலம் தேர்ந்தனர். நாம் தவறினால் குழிகளில் அழுக்கும் கிருமியும் தங்கும். உண்பவர் வயிற்றைச் சேரும். அப்பழி பட்டம் பெற்ற நம்மையே சாரும்!