ட்யூனிங் செய்கிற கைக்கு என்ன கூலி?

1977-ஆம் ஆண்டு நடந்த லண்டன்–சிட்னி மோட்டார் பந்தயத்தின் கார்கள் சென்னை வரை ஓடிவந்து, அங்கிருந்து கப்பலேறிப் பினாங்குக்குப் போயின. வென்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ கோவன். 1968-இல் இதே பந்தயத்தில் ஹில்மன் ஹண்டர் கார் ஓட்டி வென்றவரும் அவர்தான். அவர் பெயர் நிலைத்துவிட்டது. இரவோடு இரவாக அந்த எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மட்டாஞ்சேரியிலும் தோப்பும்படியிலும் பட்டறை வேலைக்கு வந்திருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு இது புதிய சங்கதி அல்ல. ஆனால் அவர் கைத்தொழிலுக்கு இப்போது திடீரென்று ஒரு மவுசு வந்திருக்கிறது. அதை அவரே இன்னும் உணரவில்லை என்பதுதான் வருத்தம்.

பழைய பியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் இன்று 'கிளாஸிக்' ஆகிவிட்டன. அம்பாசடர் உற்பத்தியே 2014-இல் நின்றுபோனது. அந்நாளில் ராலி ஓடிய வண்டிகளைப் பணம் படைத்தோர் தேடி வாங்கி, பெயிண்டுக்கும் குரோமியப் பூச்சுக்கும் தாராளமாகச் செலவிடுகிறார்கள். கார்புரேட்டர் என்றதும் மட்டும் கை சுருங்குகிறது. "ரெண்டு ஸ்க்ரூவைத் திருப்பினதுக்கா இவ்வளவு?" என்ற கேள்வி வருகிறது.

எந்த ஸ்க்ரூவை, எவ்வளவு திருப்புவது? விஷயம் அங்கேதான் இருக்கிறது. கொச்சி கடல் மட்டத்தில் உள்ள ஊர். இங்கிருந்து அடிமாலி வழியாக மூணாறு ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே காற்று லேசாகிவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்றுக்கு அதிகமாகவே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். வண்டி கறுப்புப் புகை தள்ளும், ப்ளக்கில் கரி பிடிக்கும், கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முக்கும். இது பழைய கதை. கைதேர்ந்த மெக்கானிக் ப்ளக்கின் நிறம் பார்த்தே சொல்லிவிடுவார்.

புதிய கதை பெட்ரோலில் இருக்கிறது. 2025-க்குள் நாடெங்கும் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கோ 9 கிலோ போதும். ஆகவே பழைய ஜெட்டையே வைத்து ஓட்டினால், கலவையில் எரிபொருள் குறைந்து காற்று மிஞ்சும். புதுக் காரில் கம்ப்யூட்டர் தானாகவே சரிசெய்துகொள்கிறது. பியட்டின் சோலெக்ஸுக்கும் அம்பாசடரின் எஸ்.யூ.வுக்கும் மனிதக் கைதான் கம்ப்யூட்டர். ஒன்றில் பெரிய ஜெட் போட வேண்டும். மற்றதில் ஊசியை மாற்ற வேண்டும், ஜெட் நட்டைத் திருப்ப வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலை ஏற ஏறக் கலவை கனக்கிறது. எத்தனாலோ அதை இளக்குகிறது. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுவதால் மூணாறில் வண்டி சுகமாக ஓடும். 'மலைக்காற்று ஒத்துக்கொண்டது' என்று உரிமையாளர் மகிழ்ந்துபோவார். கீழே இறங்கிக் கொச்சிச் சமவெளியில் வேகம் பிடித்தால் எஞ்சின் சூடேறும், தட்டும், மிஸ் அடிக்கும். கவனியாமல் ஓட்டினால் வால்வு கருகும். அப்போது பழி யார் மேல் விழும்? கடைசியாகக் கார்புரேட்டரைத் தொட்டவர் மேல்தான்.

போதாக்குறைக்கு மட்டாஞ்சேரியின் உப்புக்காற்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும் சுபாவமுடையது. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி உலோகத்தை அரிக்கும். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் இளகும். நிறுத்துமுன் பெட்ரோலை வடித்துவிடச் சொல்வதும் மெக்கானிக்கின் வேலைதான். அந்த யோசனைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

ஆகவே கார் உரிமையாளர் ட்யூனிங் கூலியை மற்ற வேலைகளோடு சேர்க்காமல் பில்லில் தனி வரியாகத் தரட்டும். ராலி நடத்துவோர், ஓட்டுநர் பெயருக்குக் கீழே வண்டியைத் தயார் செய்தவர் பெயரையும் அச்சிடட்டும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

தொழிலாளர் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. எந்த வண்டிக்கு எந்த ஜெட் நம்பர், மிக்ஸர் ஸ்க்ரூ எத்தனை சுற்று, ப்ளக் என்ன நிறம் காட்டியது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பவர் மிகச் சிலர். எல்லாம் காதிலும் விரலிலும் இருக்கிறது. ஊர் திரும்பும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. கூலி பேச உட்காரும்போது மேஜைமேல் வைக்க அந்த நோட்டாவது வேண்டும். அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறது. கார்புரேட்டர் கற்ற கையோடு, ஸ்கேனர் பிடிக்கவும் இளைஞர்கள் பழகிக்கொள்ளலாம். பழைய வண்டி வராத மாதத்தில் அடுப்பு எரிய வேண்டுமே!