சம்மதிக்குமுன் புரிய வேண்டாமா?

மாமல்லபுரத்துக் கடற்கரையில் வலை பழுது பார்க்கும் இளைஞன் இன்று காற்றையும் அலையையும் அறியக் கைப்பேசியையும் பார்க்கிறான். அவற்றைச் சொல்லும் மென்பொருளைப் புதிதாகத் திறந்தால், பெரும்பாலும் நீண்டதோர் ஆங்கிலப் பத்திரம் எதிரே வந்து நிற்கும். அதன் அடியில் 'சம்மதம்' என்றொரு பொத்தான். அதை அழுத்தாமல் அப்பால் போக வழியில்லை. படித்துப் பார்த்து அழுத்துவோர் எத்தனை பேர்?

பத்திரத்தின் சாரம் இவ்வளவே: 'இது பிழையற்றது என்று நாங்கள் உறுதி கூறவில்லை, இதனால் நஷ்டம் நேர்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல.' இதில் அநியாயம் ஒன்றுமில்லை. உழைத்து எழுதியதை உலகுக்கு இனாமாக அளிப்பவர், விளைவுகளுக்கெல்லாம் ஜவாப்தாரியாக முடியுமா? ஆனால் கடலுக்குப் போகிறவனுக்கோ அது உயிரைப் பற்றிய எச்சரிக்கை: 'இதை மட்டும் நம்பிப் படகை இறக்காதே' என்பதே அதன் பொருள். விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகுமா?

அவ்வாசகம் பெரும்பாலும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களிலேயே இருக்கும். பொறுப்புத் துறப்பு கண்ணில் படும்படி இருக்கவேண்டும் என்று அமெரிக்க வணிகச் சட்டம் விதிப்பதால் வந்த வழக்கம் அது. கண்ணில் பட்டது சரி, கருத்தில் பட்டதா? தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆகவே, தெளிவு ஒன்றுதான் நமக்குத் துணை.

எளிய நடையில் எழுதினால் சட்டம் நெகிழ்ந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால், 2019-ல் அமெரிக்க வழக்கறிஞர் சிலரே கூடி, 'புளூ ஓக்' என்னும் மாதிரி உரிமத்தை அன்றாட ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதில் பொறுப்புத் துறப்பு முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் ஊர்ச்சபை விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வாரியத்துக்கு வருபவர் வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்கவேண்டும். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவர் உறவினருக்கும் இல்லை. யார் உறவினர்? வாதத்துக்கு இடமே வைக்கவில்லை. சிற்றன்னை மக்கள், பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று வீட்டில் வழங்கும் முறைப்பெயர்களாலேயே வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். விதியோ மிகக் கண்டிப்பானது. அந்தக் கண்டிப்பு தெளிவிலிருந்து வந்தது.

இன்று மென்பொருள்களைத் தமிழாக்கும் பணியில் நம் இளைஞர் பலர் ஈடுபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு யோசனை: பொறுப்புத் துறப்பை எழுதி முடித்ததும் வீட்டிலுள்ள பாட்டிக்கு ஒரு முறை படித்துக் காட்டுங்கள். "அப்படியென்றால் என்னடா?" என்று அவர் கேட்டால், திரும்ப எழுதுங்கள். "ஓகோ, நம் ஜாக்கிரதையில் நாம் இருக்கவேண்டும் என்கிறான்" என்று அவர் சொல்லிவிட்டால், பிறகு தாராளமாக அந்தப் பொத்தானை வையுங்கள்.