அடிப்பிடித்த கடன்

சோறு அடிப்பிடித்தால் என்ன ஆகும்? கருகியது பானையோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு சுரண்டினாலும் முழுதாக வராது. திரும்பி வராத கடனையும் ஜப்பானியர் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘கொகெத்சுகி’ என்றால் கருகி ஒட்டிக்கொண்டது என்று பொருள். நாளேடுகளும் வங்கி அறிக்கைகளும் ஆளும் சொல் ‘ஃபுரியோ சாய்கென்’. தறுதலைப் பிள்ளைகளைக் குறிப்பதும் அதே ‘ஃபுரியோ’தான்!

1989 இறுதியில் உச்சத்தைத் தொட்ட ஜப்பானியப் பங்கு விலை அடுத்த ஆண்டே சரிந்தது. நில விலையும் பின்தொடர்ந்தது. நிலத்தை நம்பிக் கொடுத்த கடன்கள் முடங்கின. வீட்டுக்கடன் நிறுவனங்களின் இழப்பை ஈடுகட்ட 1996இல் 685 பில்லியன் யென் மக்கள் வரிப்பணம் ஒதுக்கப்பட்டது. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷொகு வங்கியும் யமாய்ச்சி பங்கு நிறுவனமும் வீழ்ந்தன.

அந்தக் காலத்தில் புழங்கிய சொற்களைப் பாருங்கள். வங்கி கடன் கொடுக்கத் தயங்குவது ‘கஷிஷிபுரி’. துவர்ப்பைக் குறிக்கும் எழுத்து அதில் இருக்கிறது. கொடுத்த கடனைத் தவணைக்கு முன்பே பிடுங்குவது ‘கஷிஹகாஷி’, அதாவது தோலுரிப்பு. நட்டத்தை வேறு கணக்குக்குத் தள்ளி மறைப்பது ‘தொபாஷி’, அதாவது பறக்கவிடுதல். யமாய்ச்சி அப்படித்தான் 260 பில்லியன் யென்னுக்கு மேல் மறைத்திருந்தது.

சொற்கள் வங்கிகளைக் காப்பாற்றிவிடவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், கடன் மறுக்கப்பட்ட சிறு பட்டறைக்காரர் தமக்கு நேர்ந்ததை ஒரே சொல்லில் சொல்ல முடிந்தது. பெயரில்லாத அநீதியை எப்படி முறையிடுவது?

நம்மிடம் ‘வாராக்கடன்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. பேரேடு, ஐந்தொகை என்று செட்டியார்களின் கிட்டங்கிகளில் புழங்கிய சொற்களும் இருக்கின்றன. ‘வட்டி முதலை’ என்றால் நம் நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் வங்கியின் தயக்கத்துக்கும் தோலுரிப்புக்கும் நாம் மலாயையோ ஆங்கிலத்தையோதான் நாடுகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் வேறு மொழியில் நிதியியல் கற்கும் நமக்கு, கற்றதை வீட்டில் சொல்லத் தமிழ் வருவதில்லை. இழப்பு யாருக்கு?

கலைச்சொல் படைக்க முனையும் நண்பர்களே, அகராதியைப் புரட்டுமுன் அடுக்களையை எட்டிப் பாருங்கள். ஜாமீன் கையெழுத்துப் போடப்போகும் அப்பாவிடம், “இந்தக் கடன் அடிப்பிடித்தால் கருகல் நம் பானையில்தான்” என்று சொல்லுங்கள். அவர் பேனாவை எடுக்குமுன் இன்னொரு முறை யோசிப்பார்.