பழைய கருவிக்கும் ஓர் இடம்

தைப்பூசத்தன்று பினாங்கு, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்வோர் 500க்கும் மேற்பட்ட படிகளை ஏறுகின்றனர். இளைஞர்கள் விரைந்து ஏற விரும்புவர். முதியவர்களோ இடையிடையே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவர். வழி ஒன்றே என்றால், விரைந்து ஏறக்கூடியவரும் காத்திருக்கத்தான் வேண்டும். மலையடிவார வீடுகளில் பயன்படுத்தப்படும் அருகலையின் நிலையும் இதுவே.

ஒரே வீட்டில் அக்காவின் புதிய திறன்பேசி, தம்பியின் மடிக்கணினி, பாட்டியின் பழைய திறன்பேசி, அப்பாவின் பழைய அச்சுப்பொறி ஆகியவை ஒரே ரூட்டரோடு இணைந்திருக்கலாம். ஒரே அலைத்தடத்தில் உள்ள கருவிகள் பொதுவாக ஒன்றன்பின் ஒன்றாகவே பேச முடியும். 1999இல் வந்த 'பி' முறையின் உச்ச வேகம் நொடிக்கு 11 மெகாபிட். 2003இல் வந்த 'ஜி' முறையின் வேகமோ 54 மெகாபிட். 2009இல் வந்த 'என்' முறை இவற்றைவிடப் பன்மடங்கு வேகமானது. ஒரே அளவு தகவலை அனுப்ப, பழைய கருவி அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அதுவரை புதிய கருவி காத்திருக்கிறது.

இதனால், "கலப்பு முறையை நிறுத்திவிட்டுப் புதிய முறையை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால், அப்படிச் செய்தால் நன்றாக இயங்கும் அச்சுப்பொறி பயனற்றதாகிவிடலாம். வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் முகத்தைத் திரையில் பார்க்கும் வாய்ப்பைப் பாட்டி இழக்க நேரிடலாம். புதிய கருவி வாங்கப் பணமும் வேண்டும். மின்னணுக் குப்பையும் பெருகும்.

இத்தகைய முடிவை நம் நாடும் எடுத்திருக்கிறது. ஜெண்டெலா திட்டத்தின்கீழ், 2021 டிசம்பர் 31க்குள் 3ஜி சேவை படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன் அலைவரிசை 4ஜி சேவைக்குப் பயன்படுத்தப்பட்டது. ஆனால், அதைவிடப் பழைய 2ஜி சேவை அப்போது நிறுத்தப்படவில்லை. எளிய கைப்பேசி வைத்திருப்போர் அழைத்துப் பேச அது தேவைப்பட்டது. எது பழையது என்பதைவிட, எது இன்னும் யாருக்குத் தேவை என்பதே முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

வீட்டிலும் இதே அளவுகோலைப் பின்பற்றலாம். இன்றைய ரூட்டர்களுள் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகள் உள்ளன. முன்னதன் அலை சுவர்களைத் தாண்டிச் சற்றுத் தொலைவு செல்லும், வேகம் குறைவு. பின்னதன் வேகம் அதிகம். ஆனால், சுவர்கள் அதை எளிதில் வலுவிழக்கச் செய்யும். ஆகவே, பழைய கருவிகளுக்கு 2.4இல் கலப்பு முறையை வைத்துவிட்டு, புதிய கருவிகளை 5இல் இணைப்பதே சிறந்தது. வீட்டில் 'பி' முறைக் கருவி ஒன்றுகூட இல்லையென்றால், அம்முறையைத் தயங்காமல் நிறுத்திவிடலாம்.

எனினும், ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 'வெப்' என்னும் பழைய பாதுகாப்பு முறையின் பெருங்குறைகள் 2001லேயே வெளிப்பட்டுவிட்டன. அதை மட்டுமே அறிந்த ஒரு கருவிக்காக வீட்டின் அருகலையில் அம்முறையை வைத்திருப்பது, திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். அக்கருவிக்கு ஓய்வு கொடுப்பதே முறை. மெதுவாக இயங்குவது குற்றமன்று. பாதுகாப்பின்றி இயங்குவதே ஆபத்து.

மெதுவாக ஏறுகிறார் என்பதற்காக முதியவரை யாரும் மலையடிவாரத்திலேயே நிறுத்திவிடுவதில்லை. அவருக்கு ஓர் ஓரம் ஒதுக்கினால் போதும். அவரும் ஏறுவார், இளைஞரும் தடையின்றி ஏறுவார். அருகலை அமைப்பை மாற்றுவதற்கு முன், அதனை வீட்டில் யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டறிவதே முதல் படி.