சாமிக்கல்ல, சம்பந்தத்துக்கு

பிள்ளையை நம் மதத்தில் வளர்ப்பது பெற்றோரின் கடமை. அதைக் கேள்வி கேட்பவன் குடும்பத்தைக் குலைக்க வந்தவன். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள் சண்டையின்றி ஒத்துப்போகும் சில விஷயங்களில் இதுவும் ஒன்று. காரணம் கேட்டால் ஒழுக்கம் என்பார்கள், பண்பாடு என்பார்கள், கடவுள் பயம் இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்பார்கள். இதில் எதையும் நான் நம்பவில்லை.

பக்தி குறைந்த பிள்ளைக்காக எந்த வீட்டிலாவது பெரியப்பாவும் தாய்மாமனும் கூடி உட்கார்ந்து பேசியதுண்டா? ஒருத்தன் பிரதோஷத்துக்கு வருவதில்லை. ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் தூங்குகிறாள். இன்னொருத்தன் நோன்பு நேரத்தில் டீக்கடையில் நிற்கிறான். அம்மா நாலு வார்த்தை திட்டுவாள், அத்தோடு சரி. அதே பிள்ளை வேறு மதத்தில் ஒருவரைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொல்லட்டும். அம்மாவுக்கு நெஞ்சுவலி வரும், அப்பா செல்போனைப் பிடுங்கி வைப்பார், இருபது வருடமாகப் பூஜையறைப் பக்கம் எட்டிப்பார்க்காத சித்தப்பாவுக்குத் திடீரென்று தர்மம் நினைவுக்கு வரும். மத வளர்ப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி கல்யாணத்துக்கு முன்கூட்டியே போட்டு வைக்கிற வேலி.

சேலத்தில் ஹோமியோபதி படித்த ஹாதியாவின் வழக்கு நினைவிருக்கும். கேரளத்து இந்துக் குடும்பத்துப் பெண் இஸ்லாத்துக்கு மாறினார், ஒரு முஸ்லிமை மணந்தார். தந்தை நீதிமன்றம் போனார். 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் திருமணத்தையே செல்லாதென்று சொல்லி அவரைப் பெற்றோரிடம் ஒப்படைத்தது. மணமாகாத மகள் முறைப்படி மணமுடியும் வரை பெற்றோர் பொறுப்பில் இருப்பதே இந்திய மரபு என்று அந்தத் தீர்ப்பு பேசியது. அவருக்கு அப்போது வயது 24! உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் திருமணத்தை மீட்டுக்கொடுத்தது. அதற்கு முன் ஆறு மாதம் அவர் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேற முடியாமல் கிடந்தார். மருத்துவம் படித்த பெண்ணுக்கே தன் மதம் தன்னுடையது என்று நிரூபிக்க டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

தாய்மொழியைப் போலத்தான் மதமும், அதையும் பிள்ளையைக் கேட்டா கொடுக்கிறோம் என்று சாமர்த்தியமாக ஒரு பதில் சொல்வார்கள். மகன் தெலுங்கில் பேசத் தொடங்கினால் பேரனுக்குச் சொத்தில் பங்கில்லை என்று யாராவது சொல்கிறார்களா? மதத்தில் சொல்கிறார்கள், சட்டமே சொல்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 26-ஆம் பிரிவு: இந்து ஒருவர் மதம் மாறிய பிறகு பிறக்கும் அவருடைய பிள்ளைகள், உயில் எழுதாமல் இறந்த இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது, அந்த நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. மாறியவருக்குப் பங்கு உண்டு. மாறாத, அப்போது பிறந்தே இராத பிள்ளைக்குத்தான் இல்லை.

மதம் மாறாமலே மணந்துகொள்ள 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். அதிலும் 30 நாள் முன்னறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். வேலி தாண்டுகிறவர்களைப் பிடிக்க உறவுக்காரர்களுக்கு அரசே தரும் அவகாசம் அது.

பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போகாதே என்று நான் சொல்லவில்லை. மார்கழிப் பொங்கலும் கந்தூரிச் சோறும் வேளாங்கண்ணிக் கொடியேற்றமும் பிள்ளைக்குக் கிடைக்கட்டும். பாட்டும் கதையும் இல்லாத வீடு வெறும் வீடு. (மூன்று வயதுக் குழந்தைக்குக் கறுப்புச் சட்டை போட்டு மேடையேற்றும் பகுத்தறிவாளரும் செய்வது இதே வேலைதான்.) ஆனால் கூட்டிப்போவது வேறு, எழுதி வாங்கிக்கொள்வது வேறு. பள்ளிச் சான்றில் சாதி, மதக் கட்டங்களை வெற்றாக விடலாம் என்று தமிழக அரசு 1973-லேயே ஆணையிட்டது. நம்மில் எத்தனை பேர் விட்டோம்?

ஜெர்மனியில் 1921-இல் ஒரு சட்டம் வந்தது. 12 வயதுக்குப் பின் பிள்ளையை அதன் விருப்பத்துக்கு மாறாக வேறு மதத்தில் வளர்க்கக் கூடாது. 14 வயதில் தன் மதத்தைத் தானே முடிவு செய்யலாம். நூறாண்டு தாண்டியும் அது நடப்பில் இருக்கிறது. நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையின் ஆன்மாதான் எங்கள் கவலை என்கிற பெற்றோர், மகள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அவளிடம் ஒருமுறை சொல்லட்டும்: இந்தச் சாமியை நீ கும்பிடலாம், விட்டும் போகலாம், யாரைக் கட்டிக்கொண்டு வந்தாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறும் உண்டு, பங்கும் உண்டு.